பன்னிரண்டு பிளக் வண்டிக்காரர்களுக்கு

பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், ஷா ஆலாம், கிள்ளான் வட்டாரத்தில் பழைய மெர்சிடிஸ், பிஎம்டபிள்யூ, வால்வோ வைத்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

உதிரிப்பாகக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றே தலை நரைத்தவன் நான். உங்களில் பலருடைய பெயர் எனக்குத் தெரியாது, வண்டி தெரியும். கைப்பேசியை நீட்டிக்கொண்டு வருவீர்கள். படத்தில் ஆயில் படிந்த ஒரு கறுப்பு இக்னிஷன் காயில் இருக்கும். "அண்ணே, இது எவ்வளவு?" என்பீர்கள். "எந்த சிலிண்டர் மிஸ் ஆகுது தம்பி?" என்று நான் கேட்டால், "அது தெரியாதுண்ணே. ஃபோர்மன் ஆறையும் மாத்திடச் சொன்னாரு" என்று பதில் வரும். அந்தப் பதிலுக்காகத்தான் இந்த மடல்.

பழைய பெரிய கார் வாங்குவது தப்பு என்று சொல்ல வரவில்லை. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைக்க மல்லிகைச் சரம் கட்டிய வெள்ளை டபிள்யூ 124 வந்து நின்றால் எனக்கும் மனசு பூரிக்கிறது. ஷா ஆலாம் பத்து தீகாவில் 1967-இல் தொடங்கிய தொழிற்சாலையில்தான் நம் ஊர் வால்வோக்களைப் பூட்டினார்கள். அந்த வண்டிகளைத் தெரிந்த கைகள் இந்த வட்டாரத்தில் இன்னும் இருக்கின்றன. விலையும் கைக்கு எட்டும்படி இறங்கிவிட்டது. புது மைவி வாங்கும் காசில் இரண்டு பழைய பென்ஸ் வாங்கிவிடலாம்.

இறங்காதது சாலை வரி. மெர்சிடிஸ் டபிள்யூ 210 இ 240-இல் முதலில் 2,398 சிசி எஞ்சின் வந்தது. அதற்குத் தனியார் பெயரில் தீபகற்ப மலேசியாவில் ஆண்டுக்கு 778 ரிங்கிட். பிறகு அதே இ 240 என்ற பெயரில் 2,597 சிசி எஞ்சின் வந்தது. அதற்கு 1,122 ரிங்கிட் 50 சென். பின்பக்கத்தில் ஒரே எண். வித்தியாசமோ முந்நூற்று நாற்பது வெள்ளிக்கு மேல். வாங்கும்போது இதைப் பார்க்காத தம்பிகள் நிறையப் பேர். பிளக் விஷயத்திலும் நடப்பது இதுதான். வண்டியின் பெயரை வைத்துப் பொருள் கேட்பீர்கள். எஞ்சினைக் கேட்க மாட்டீர்கள்.

எஞ்சினைக் கேளுங்கள். 1980-களின் நடுவில் வந்த மெர்சிடிஸ் 260 இ, 300 இ வண்டிகளில் எம் 103 எஞ்சின். ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே காயில். முன்புறம், காற்றாடிக்குப் பின்னால் டிஸ்ட்ரிபியூட்டர் கேப், உள்ளே சுழலும் ரோட்டர், ஆறு பிளக் வயர். அதற்கடுத்து வந்த எம் 104-இன் பிந்திய வகைகளில் கேப்பும் ரோட்டரும் கிடையாது. மூன்று காயில், ஒவ்வொன்றும் இரண்டு சிலிண்டருக்கு நெருப்புக் கொடுக்கும். நான்கு சிலிண்டர் எம் 111-இல் இரண்டு காயில். பிஎம்டபிள்யூவின் ஆறு சிலிண்டர்களில் 1990-லிருந்து வந்த எம் 50-யும் அதன் வாரிசுகளும் பிளக்குக்கு ஒரு காயில் என்று வைத்துக்கொண்டன.

1997-இல் மெர்சிடிஸ் எம் 112 என்ற வி6 எஞ்சினைக் கொண்டுவந்தது. சிலிண்டருக்கு மூன்று வால்வு, இரண்டு பிளக். ஆக ஆறு சிலிண்டருக்குப் பன்னிரண்டு பிளக், ஆறு இரட்டைக் காயில், பன்னிரண்டு பிளக் வயர். வி8 வைத்திருந்தால் பதினாறு, எட்டு, பதினாறு. "பிளக் மாத்தணும்" என்ற ஒரே வாக்கியத்துக்கு உங்கள் சித்தப்பாவின் சாகாவில் நான்கு பிளக், உங்கள் இ 240-இல் பன்னிரண்டு. பில்லைப் பார்த்து மலைக்கும் முன் இந்தக் கணக்கு மனதில் இருக்க வேண்டும்.

சரி, வண்டி குலுங்குகிறது. சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறது, பெடரல் நெடுஞ்சாலையில் ஏறினால் இழுவை இல்லை, எஞ்சின் விளக்கு எரிகிறது. அந்த விளக்கு விட்டுவிட்டு மின்னினால் உடனே வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எரிந்து உள்ளிருக்கும் பீங்கானை உருக்கிவிடும். ஒரு காயில் விலையில் முடியவேண்டிய வேலை அங்கே போய் நின்றால் வண்டி விலையை எட்டிப் பிடிக்கும்.

2000-களில் வந்த வண்டியென்றால் பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு ஊசி சாக்கெட் இருக்கும். சாதாரண ஸ்கேனரே எந்த சிலிண்டர் என்று சொல்லிவிடும். பி0303 என்றால் மூன்றாவது சிலிண்டர், பி0305 என்றால் ஐந்தாவது. பி0300 என்று வந்தால் ஒன்று மட்டும் இல்லை, பல இடத்தில் கோளாறு. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு இந்த முறை கட்டாயமானது 2001-இல்தான். அதற்கு முந்திய வண்டிகளில், குறிப்பாகக் கடைசிக் கால டபிள்யூ 124-லும் தொடக்கக்கால டபிள்யூ 202-லும், எஞ்சின் அறைக்குள் வட்டமான 38 ஊசி சாக்கெட் இருக்கும். ஷோப்பியில் முப்பது வெள்ளிக்கு வாங்கிய ஸ்கேனர் அதனோடு பேசாது. பழைய பென்ஸுக்கென்று கருவி வைத்திருக்கும் பட்டறைக்குத்தான் போகவேண்டும்.

சிலிண்டர் எது என்று தெரிந்த பிறகு கைக்காசு செலவழிக்காமல் செய்யும் ஒரு சோதனை உண்டு. எம் 112-இல் ஆறு காயிலும் ஒரே மாதிரி. எஞ்சின் ஆறிய பின், மிஸ் ஆகும் சிலிண்டரின் காயிலைக் கழற்றிப் பக்கத்துச் சிலிண்டரில் மாட்டுங்கள், அங்கிருந்ததை இங்கே. நம் ஊர் வண்டியில் ஓட்டுநர் பக்கம் முன்னிருந்து பின்னாக 1, 2, 3. பயணி பக்கம் 4, 5, 6. ஸ்கேனரில் பழைய கோளாறுக் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். மூன்றில் இருந்த கோளாறு இரண்டுக்கு நகர்ந்தால் காயில் போய்விட்டது. ஒன்றே ஒன்று வாங்கினால் போதும். மூன்றிலேயே நின்றால் காயில் நல்ல காயில். பிளக்கையும் வயரையும் அதே போல மாற்றிப் பாருங்கள். அப்போதும் மூன்றிலேயே நின்றால் இன்ஜெக்டர், காற்றுக் கசிவு, கம்ப்ரஷன் என்று வேறு பக்கம் பார்க்க வேண்டும். ஆறு காயிலும் வாங்கியிருந்தால் ஆறும் வீண்.

கேப், ரோட்டர் இருக்கும் வண்டிகளுக்கு வேறு வைத்தியம். மாலை மழை கொட்டி, இரவெல்லாம் ஈரம் ஊறி, காலையில் வண்டி எழும்ப மறுக்கிறதா? கேப்பைக் கழற்றி உள்ளே பாருங்கள். பென்சிலால் இழுத்தது போல மெல்லிய கருங்கோடு ஓடியிருந்தால் மின்சாரம் அந்த வழியே கசிகிறது, கேப் முடிந்தது. வெறும் ஈரம் மட்டும் என்றால் துடைத்து உலர்த்துங்கள், கிளம்பிவிடும். எம் 103-இல் கேம்ஷாஃப்ட் சீல் தேய்ந்து ஆயில் கேப்புக்குள் இறங்குவதும் உண்டு. அந்த சீலை விட்டுவிட்டுக் கேப்பை மட்டும் மாற்றினால் அடுத்த ஆண்டு மறுபடியும் என் கவுண்டருக்கு வருவீர்கள். கடைக்கு நல்லது, உங்களுக்கு இல்லை.

வயர் கசிவைக் கண்டுபிடிக்க இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு வயர்கள்மேல் தண்ணீரை நுண்துளிகளாகத் தெளிப்பார்கள். நீல நிறத்தில் பொறி தாவினால் அதுதான் ஆள். ஆனால் ஓடும் எஞ்சினில் வயரைக் கையால் பிடுங்கிப் பார்க்கும் பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். உள்ளே ஓடுவது பல்லாயிரம் வோல்ட். உங்களைத் தூக்கி அடிப்பது ஒருபக்கம், காயிலும் மாட்யூலும் சேர்ந்து போகும்.

1990-களின் முதற்பாதியில் வந்த மெர்சிடிஸ்களில் இன்னொரு வில்லன் உண்டு. அந்தக் காலத்து எஞ்சின் வயரிங்கின் மேலுறை சூட்டில் காய்ந்து பிஸ்கட் போல உதிரும். எம் 104, எம் 111 எல்லாவற்றிலும் இது பிரசித்தம். உறை உதிர்ந்த கம்பிகள் ஒன்றோடொன்று உரசினால் எஞ்சின் மிஸ் ஆகும், அணையும், மறுபடி நன்றாக ஓடும், பிறகு மறுபடி மிஸ் ஆகும். ஒரு தம்பி இதற்காக மூன்று காயிலும் மாற்றினான், பிளக்கும் மாற்றினான், கடைசியில் வண்டியையே விற்றுவிட்டான். வாங்கியவர் வயரிங்கை மாற்றி இன்றும் ஓட்டுகிறார். இந்த வயது வண்டியென்றால் காயில் கேட்கும் முன் வயரிங் உறையை விரலால் லேசாக வளைத்துப் பாருங்கள்.

பிஎம்டபிள்யூ ஆறு சிலிண்டர்காரர்கள் வேறு இடத்தில் பார்க்கவேண்டும். எஞ்சின் தலைமூடியின் கேஸ்கெட் கசிந்து பிளக் குழிக்குள் ஆயில் தேங்கும். அதில் காயிலின் ரப்பர் ஊறி உப்பிக் கெடும். புதுக் காயிலை அதே குளத்தில் இறக்கினால் அதுவும் ஊறும். கேஸ்கெட்டை முதலில் மாற்றுங்கள்.

இனி வாங்கும் கதை. இங்கேதான் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. மெர்சிடிஸ் பிளக் செய்வதில்லை. காயிலும் செய்வதில்லை. 1902-இல் பாஷ் நிறுவனத்தில் கொட்லோப் ஹோனோல்டு உயர் அழுத்த மாக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் செய்து கொடுத்த காலத்திலிருந்தே கார்க்காரர்கள் இந்த வேலையை வெளியே கொடுத்துத்தான் செய்கிறார்கள். நட்சத்திரம் போட்ட பெட்டியைத் திறந்தால் உள்ளே பாஷ், பெரு என்று யாராவது ஒருவருடைய சரக்கு இருக்கும். எம் 112 காயிலின் மெர்சிடிஸ் எண் ஏ 000 158 78 03. அதே காயில் பாஷ் பெட்டியில் 0 221 503 035 என்ற எண்ணில் கிடைக்கிறது. விலை வித்தியாசம் பெட்டிக்குக் கொடுக்கும் விலை. ஆகவே பழைய காயிலின் முதுகில் அச்சடித்த எண்ணையும் தயாரித்தவர் பெயரையும் படம் பிடித்து வாருங்கள். 'ஒரிஜினல் வேணுமா, ஓஇஎம் வேணுமா' என்று கடைக்காரர் கேட்கும்போது, 'பாஷ் பெட்டியில அதே நம்பர் குடுங்க' என்று சொல்ல முடிந்தால் பாதிப் பணம் மிச்சம்.

அதற்கும் கீழே பெயரில்லாத சரக்கு ஒன்று இருக்கிறது. ஆறு காயில் சேர்ந்து ஒரு பாஷ் காயில் விலைக்கு வரும். சில நாள் ஓடும். நம் ஊர் வெயிலில், பிற்பகல் நெரிசலில், எஞ்சின் அறைக்குள் கொதிக்கும் சூட்டில் எவ்வளவு நாள் என்பதுதான் கேள்வி. என் கையால் விற்றவற்றில் திரும்பி வந்தவை பெரும்பாலும் இந்த வகைதான். கழற்றி மாட்டும் கூலியையும் இரண்டு முறை கொடுப்பீர்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிளக் விஷயம் இதைவிடக் கொஞ்சம் நுணுக்கமானது. சாதாரண நிக்கல் பிளக் ஒன்று இருபது வெள்ளிக்குள் கிடைக்கும். இருபது முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும். பிளாட்டினம், இரிடியம் பல மடங்கு விலை. லட்சம் கிலோமீட்டர் பக்கம் ஓடும். கேப் வைத்த பழைய எஞ்சினில் பிளக் மேலேயே தெரியும், கழற்றுவது அரைமணி வேலை. அதற்கு நிக்கலே போதும். தயாரித்தவரே அதைத்தான் சொன்னார். எம் 112-இல் பன்னிரண்டு பிளக், அதில் பின்பக்கத்தவை சுவரோடு ஒட்டிக் கை நுழையாத இடத்தில். அங்கே மலிவு பிளக் போட்டால் கூலியிலேயே காசு போய்விடும். பிளாட்டினம் வாங்குங்கள்.

பழைய மெர்சிடிஸ்களில் மின்தடை பிளக் வயரின் முனையில் இருக்கும். பிளக்கில் தடை இருக்கக்கூடாது. என்ஜிகே எண்ணில் நடுவே 'ஆர்' எழுத்து இருந்தால் அது தடை உள்ள பிளக். கையேட்டில் 'ஆர்' இல்லை என்றால் 'ஆர்' உள்ளதைப் போடாதீர்கள், கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும். இன்னொரு குழப்பம் சூட்டு எண். என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் கூடக்கூடக் குளிர் பிளக். பாஷில் எண் குறையக்குறையக் குளிர் பிளக். 'பாஷ் 8 இல்லையா, என்ஜிகே 8 குடுங்க' என்று கேட்டு வாங்கிப் போனவர்கள் உண்டு. பட்டியலைப் பார்த்து மாற்றுங்கள், எண்ணைப் பார்த்து அல்ல.

போலி சரக்கு பற்றி எல்லாரும் பயப்படுகிறீர்கள், நியாயம்தான். நகோயாவில் 1936-இல் தொடங்கிய என்ஜிகேயின் தாய் நிறுவனம் 2023-இல் நிட்டெரா என்று பெயர் மாற்றிக்கொண்டது. அந்தப் பெயரைப் பெட்டியில் கண்டு போலி என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். மரையின் மேலே இருக்கும் வளையம் நல்ல பிளக்கில் எளிதில் கழன்று விழாது. நடு முனை, மேலே வளைந்து நிற்கும் கம்பிக்கு நேர் கீழே நிற்கும், சாய்ந்திருந்தால் வைத்துவிடுங்கள். என்ஜிகே இரிடியம் ஐஎக்ஸின் முனை 0.6 மில்லிமீட்டர்தான், குண்டூசி போல மெல்லியது. தடித்த முனைக்கு இரிடியம் என்று பெயர் போட்டு விற்பவரிடம் வேறெதையும் வாங்கவேண்டாம்.

ஹாஃப்கட் கடைகளைப் பற்றிக் கேட்பீர்கள். காப்பார் சாலைப் பக்கமோ சுங்கை பூலோவிலோ பாதியாக வெட்டி வந்த வண்டிகள் அடுக்கிக் கிடக்கும். பிளக், வயர், கேப், ரோட்டர் ஆகியவற்றை அங்கே வாங்காதீர்கள். தேயும் பொருளைப் பழையதாக வாங்குவதில் அர்த்தமில்லை. காயில் மட்டும், அதுவும் புதியது நாட்டிலேயே கிடைக்காத மாடலுக்கு, மாட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கலாம் என்று எழுதித் தந்தால் வாங்கலாம். டிசம்பர் 2021 வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை வரை தண்ணீரில் நின்ற வண்டிகளை நாம் பார்த்தோம். அப்படிப்பட்ட வண்டியின் மின்பாகம் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே பச்சை பூத்திருக்கும். ஊசிகளை டார்ச் அடித்துப் பாருங்கள்.

நீங்களே மாட்டுவதானால் சில வார்த்தை. எஞ்சின் முழுதும் ஆறட்டும். அலுமினியத் தலையில் சூட்டோடு பிளக்கைத் திருகினால் மரை சேர்ந்து வரும். எம் 112-இல் வயரின் தலையை இழுக்காதீர்கள், 17 எண் ஸ்பானரை அதன் உலோக உறையில் கொடுத்து லேசாகத் திருப்பிப் பிறகு நெம்புங்கள். கழற்றிய பிளக்குகளை வந்த வரிசையிலேயே அட்டையில் குத்தி வையுங்கள். பழுப்பு நிறம் என்றால் எஞ்சின் நலம். கறுத்த புகைப்பொடி என்றால் பெட்ரோல் அதிகம். ஆயில் பளபளத்தால் வால்வு சீலையோ பிஸ்டன் வளையத்தையோ பாருங்கள். புதுப் பிளக்கை முதலில் கையாலேயே கடைசி வரை திருகுங்கள். பிறகு எம் 112-இல் டார்க் ரெஞ்சில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் போதும். மரைக்குக் கிரீஸ் தடவச் சொல்லும் பழக்கத்தை என்ஜிகேயே வேண்டாம் என்கிறது; வழுக்கி அளவுக்கு மேல் இறுகிவிடும்.

இவ்வளவு படித்ததும் சிலர், 'எனக்கு நேரமில்லைண்ணே, ஃபோர்மன் பார்த்துக்குவாரு' என்பீர்கள். நல்லது. சான் சோ லின்னில் இருப்பவரானாலும் கிள்ளான் மேரு சாலையில் இருப்பவரானாலும் நல்ல ஃபோர்மன் முதலில் சோதிப்பார், பிறகுதான் பொருள் எழுதுவார். சோதனைக்குக் கூலி கேட்பார். அங்கேதான் நம் ஆட்கள் முகம் சுளிக்கிறீர்கள். 'பார்த்ததுக்கெல்லாம் காசா' என்கிறீர்கள். பார்த்ததற்குக் காசு கிடைக்காது என்று தெரிந்த ஃபோர்மன் என்ன செய்வார்? ஆறு காயிலும் எழுதி, பொருளில் தன் கூலியை எடுத்துக்கொள்வார். அந்தப் பழக்கத்தை உண்டாக்கியதில் நமக்கும் பங்கு இருக்கிறது.

கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். ரசீதில் பொருளின் எண்ணும் தயாரித்தவர் பெயரும் எழுதச் சொல்லுங்கள். ஏமாந்ததாகத் தோன்றினால் பயனீட்டாளர் உரிமைக்கோரல் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரை கோரலாம், கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போகவேண்டும். ரசீது இல்லாமல் போனால் வெறும் வாய்ப்பேச்சுதான்.

ஒரே மாடல் வைத்திருக்கும் நான்கைந்து பேர் சேர்ந்து நல்ல ஸ்கேனர் ஒன்றும் டார்க் ரெஞ்ச் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பிளக்குக்கு மேல் மொத்தமாக வாங்கும்போது எந்தக் கடைக்காரரும் விலையில் இறங்குவார், நானும் இறங்கியிருக்கிறேன். பொருளில் எவ்வளவு வேண்டுமானாலும் பேரம் பேசுங்கள், எங்களுக்குக் கோபம் வராது. சோதித்துச் சொல்லும் கைக்கூலியில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.

அன்புடன்,
கிள்ளானிலிருந்து ஒரு கவுண்டர்காரர்